நோன்புக்குள் கழுவிப்போன நிறம்: கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையின் ஹோலிப் பொடிகள்

கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், பித்தளைப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே, இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் அகலத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. பிரசவ லேகியத்துக்கும், கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் வசம்புக்கும், தீபாவளி மருந்துச் சாமான்களுக்கும் எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகப் போய் வருகிற கடை அது. தை மாதக் கடைசியிலிருந்து ஹோலி வரைக்கும் அங்கே வண்ணப் பொடிகளும் விற்கிறார்கள் என்பது எனக்கு 2025ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஹோலி விளையாடியது அந்தப் பொடிகளைக் கொண்டுதான். அன்று காலையிலிருந்து மாலை வரை அவை எப்படி இருந்தன, எதில் மகிழ்ச்சி தந்தன, எதில் ஏமாற்றின என்பதை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறைந்த அளவே செய்ய முடிகிறது என்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். பாத்திரக் கடைத் தெருவில் "வண்ணப் பொடி விற்கும் மருந்துக் கடை" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

நான் அந்தக் கடையைத் தேடிப் போனதற்கு முந்தைய ஆண்டில் பட்ட துன்பம் காரணம். 2024இல் ஹோலி மார்ச் 25ஆம் தேதி, பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தது. ஊரே கோயில் கூட்டமாக இருந்த அந்த நாளில், சாலையோரத்தில் துணிப்பந்தல் போட்டு விற்ற ஒரு தற்காலிகக் கடையில் 100 கிராம் 15 ரூபாய் என்று பளிச்சிடும் பொடிகளை வாங்கி வந்தேன். பொட்டலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட அச்சிடப்படவில்லை, நானும் கேட்கவில்லை. விளையாட்டு தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் என் மகனின் நண்பன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குழாயடியில் நெடுநேரம் கழுவியும் சிவப்பு தணியாததால் கண் மருத்துவரிடம் ஓடினோம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்லும்வரை அந்தப் பையனின் தாயை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. என் மகனுக்கோ மண்டைத்தோலில் ஏறிய பச்சை நான்கு நாட்கள் போகவில்லை. மலிவுப் பொடிகளில் துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற மாலகைட் பச்சை, ரோடமின் போன்ற சாயங்களும், பச்சைக்கு மயில்துத்தமும், கறுப்புக்கு ஈய ஆக்சைடும் கலப்பதுண்டு என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கோலப்பொடியை எடுத்து முகத்தில் பூசுவதும் இதே அளவு தவறு. அது தரையில் போடுவதற்காகக் கல்லை அரைத்துச் செய்த பொடி, கண்ணில் விழுந்தால் அறுக்கும்.

எங்கள் தெருவுக்கு ஹோலியைக் கொண்டு வந்தவர்கள், ராஜஸ்தானிலிருந்து வந்து மின்சாதனக் கடை வைத்து மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் எதிர்வீட்டுக் குடும்பத்தார். அந்த வீட்டுக் குழந்தைகள் என்னை அத்தை என்று அழைப்பார்கள். அவர்களுடைய பாட்டியைத் தெருவே, அப்பாவின் அம்மாவைக் குறிக்கும் இந்திச் சொல்லான தாதி என்றுதான் கூப்பிடும். பால்குன மாதத்துப் பௌர்ணமி இரவில் தெருக்கோடியில் விறகும் வறட்டியும் அடுக்கி ஹோலிகாவை எரிப்பார்கள். நெருப்பு தன்னைச் சுடாது என்று நம்பி, பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் அமர்ந்த இரணியனின் தங்கை எரிந்துபோக, பிள்ளை உயிரோடு எழுந்து வந்த கதையை தாதி தமிழும் மார்வாரியும் கலந்து ஆண்டுதோறும் சொல்வார்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தத் தீ புதிதன்று. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே மாசி நிலவில் கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் காமன் நட்டு, பௌர்ணமியில் எரிப்பார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் டேப் என்னும் தோல்கருவியை அடித்து விடிய விடிய லாவணி பாடும். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியரோடு இந்த மண்ணுக்கு வந்த பாட்டு அது. சிவபெருமான் காமனை எரித்த தலமாகச் சொல்லப்படும் திருக்குறுக்கை வீரட்டம் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் பிறந்த ஊரில் ரதி வேடம் கட்டியவர் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து அழும்போது, சிறுமியாக இருந்த நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் எங்கள் பண்டிகை அந்தச் சாம்பலோடு முடிந்துவிடும். மறுநாள் காலையில் நிறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடிப் போகிற பகுதி வடக்கே மட்டும்தான் உண்டு என்று நான் நினைத்திருந்தேன். கொஞ்சம் யோசித்தால் அதுவும் முழு உண்மையில்லை. அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளில் முறைப்பிள்ளைகள் மேல் மஞ்சள் நீரை ஊற்றி விரட்டுகிற விளையாட்டில், இதே குதூகலம் ஒற்றை நிறத்தில் இருக்கிறது.

2025இல் எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஹோலியன்று மாலையே காரடையான் நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் அந்த நேரத்தில் அடை வார்த்து, உருகாத வெண்ணெயோடு இலையில் வைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்ள வேண்டும். என் மாமியார் ஹோலிக்கு மறுப்புச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். "சாயங்காலம் நோன்புக்கு உட்கார்றப்போ ஒருத்தர் கையிலயும் சாயம் இருக்கக்கூடாது" என்றார். முந்தைய ஆண்டின் நான்கு நாள் பச்சையைப் பார்த்தவர் அவர். காலை 9 மணிக்குப் பூசிய நிறம் மாலை 6 மணிக்குள் தோலை விட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான், இந்தப் பொடிகளை வாங்கும்போது என் மனத்தில் இருந்த ஒரே அளவுகோல்.

மார்ச் 12ஆம் தேதி மாசி மகம். தீர்த்தவாரிக்கு மகாமகக் குளத்தில் கூட்டம் நிரம்பி வழிந்ததால் அன்று கடைவீதிக்குள் நுழைய முடியவில்லை. மறுநாள் காலையில்தான் போனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். பொடி தயாரிப்பதை அவருடைய மகள் கவனித்துக்கொள்கிறார். மஞ்சள், சிவப்பு, ரோஜா, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றும் 100 கிராம் காகிதப் பொட்டலம். மஞ்சள் 40 ரூபாய், மற்றவை 55 ரூபாய். இவை தவிர உலர்ந்த புரசம்பூ 100 கிராம் 45 ரூபாய். சாலையோரக் கடையின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது என்று நான் தயங்கி நின்றபோது, அவர் வாதம் எதுவும் செய்யாமல் ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்துக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்தார். அதன்மேல் மஞ்சள் பொடியில் ஒரு சிட்டிகை போட்டு, நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு, சுண்ணாம்பு டப்பாவிலிருந்து நுனிவிரலில் கொஞ்சம் தொட்டுக் குழைத்தார். மஞ்சள் என் கண்ணெதிரே குங்குமச் சிவப்பானது. "ஆரத்தி கரைக்கிறோம்ல, அதே கணக்குதாம்மா" என்றார். திருமணத்துக்கும் சீமந்தத்துக்கும் நான் எத்தனையோ முறை கரைத்த ஆரத்திதான். சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற குணம் மஞ்சளில் இருக்கும் குர்குமினுடையது. ஒரு பொடி உண்மையான மஞ்சளா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மகள் என்னைக் கடைக்குப் பின்னாலிருக்கும் கூடத்துக்கு அழைத்துப் போய்ப் பொடி செய்யும் முறையைக் காட்டினார். சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைச் சீவிக் கொதிக்க வைத்துச் சாறு இறக்குகிறார்கள். ரோஜா நிறத்துக்கு பீட்ரூட், நீலத்துக்குச் சங்குப்பூ. இந்தச் சாறுகளைக் கூவைக்கிழங்கு மாவில் பிசைந்து, நிழலில் உலர்த்தி, அம்மியில் உடைத்து, பிறகு மெல்லிய வெள்ளைத் துணியில் வஸ்திரகாயம் செய்கிறார்கள். மருந்துச் சூரணத்துக்குச் செய்கிற அதே வஸ்திரகாயம்தான். துணியின் அடியில் இறங்கி நிற்கும் பொடியை இரு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் ஒரு துகளும் உறுத்தவில்லை. பிறந்த குழந்தைக்குப் போடும் பவுடரைப் போல வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த மென்மைக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்த நிமிடத்திலேயே தோன்றிவிட்டது.

மஞ்சள் பொட்டலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தில் அதுதான் முதல் தரம். அதில் கூவை மாவு கிடையாது. பயத்தம் மாவில் கஸ்தூரி மஞ்சளும், கொஞ்சம் குண்டு மஞ்சளும், பூலாங்கிழங்கும் சேர்த்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், நம் பாட்டிமார் பெண் குழந்தைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிய குளியல் பொடியேதான். அதனால் முகத்தில் பூசிய பொடியே முகத்தைக் கழுவும் பொடியாகவும் ஆகிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் குழைந்து, அழுக்கையும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தவுடன் பூலாங்கிழங்கின் வாசம் கூடம் முழுக்கப் பரவியது. "வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் வாசனையா இருக்கே" என்று மாமியார் அடுக்களையிலிருந்தே கேட்டார்.

புரசம்பூவை முந்தின இரவே ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்த புரச மரத்தில் தணல் கொட்டியது போலப் பூக்கும் பூ அது. பூணூல் போடும்போது பிள்ளை கையில் கொடுக்கும் பலாச தண்டம் இந்த மரத்துக் குச்சிதான். காவிரிக்கரையில் இந்த மரத்தை அதிகம் பார்க்க முடியாது என்பதால், உலர்ந்த பூவை வெளியூரிலிருந்து மூட்டையாக வரவழைக்கிறார்கள். மதுராவிலும் பிருந்தாவனத்திலும் டேசூ என்று சொல்லி, இதே பூவைக் கொதிக்க வைத்த நீரைத்தான் காலங்காலமாக ஹோலிக்கு இறைத்து வந்தார்கள் என்று தாதி சொன்னார். 100 கிராம் பூவுக்கு இரண்டு லிட்டர் கொதிநீர் என்பது கணக்கு. நாங்கள் 200 கிராம் போட்டுப் பித்தளை அண்டாவில் மூடி வைத்தோம். விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த நீர், அடர்ந்த தேனின் நிறத்தில், அசைத்தால் அண்டாவின் விளிம்பில் செம்மஞ்சளாக மின்னியது. அதில் மிளகளவு சுண்ணாம்பைக் கரைத்துவிட்டதும் நிறம் இன்னும் ஒரு படி ஆழமாகி, மேலக்காவேரிப் பாலத்தில் நின்று பார்க்கும் அந்திவானம் போல ஆயிற்று. வாசனை என்று பெரிதாக ஒன்றுமில்லை, வைக்கோலில் மழை பட்டாற்போல மெலிதாக ஒரு மணம்.

காலையில் எல்லோரும் தலைக்கும் கைகால்களுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தெருவில் கூடினோம். எதிர்வீட்டிலிருந்து தட்டு நிறைய குஜியா வந்தது. நம் சோமாசிக்கு நெருங்கிய உறவு, ஆனால் உள்ளே கோவாவும் ஏலமும் வைத்துச் சர்க்கரைப் பாகில் முக்கியிருப்பார்கள். முதலில் பெரியவர்களின் பாதத்தில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்து வணங்கிவிட்டுத்தான் விளையாட்டைத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வரிசையாக நாற்காலி போட்டு அமர்ந்திருந்த தெருவின் பாட்டிமார் தாத்தாமார் பாதங்களில், பேரப்பிள்ளைகள் குனிந்து குனிந்து மஞ்சளும் ரோஜாவும் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது, வாசலில் போட்ட கோலத்துக்குச் செம்மண் இடுகிற விரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு நடந்ததை எழுத்தில் சொல்வது கடினம். கிழக்கு மேற்காக ஓடுகிற எங்கள் தெருவில் அந்த நேரத்து வெயில் தாழ்வாக, நேராக வரும். முதல் கைப்பிடிச் சிவப்பை யாரோ மேலே வீசினார்கள். சாலையோரப் பொடி கனமாக, கட்டியாகக் கீழே விழும். இது அப்படி விழவில்லை. துணியில் சலித்த கூவை மாவு என்பதால் காற்றில் விரிந்து, ஒரு மெல்லிய திரையைப் போலத் தொங்கி, வெயில் அதன் ஊடாக வந்து எல்லோர் முகத்திலும் பட்டது. நான்கைந்து நொடிகள் தெருவே செம்பருத்தி இதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது. பிறகு அந்தத் திரை மெதுவாக இறங்கி, தலைமுடியிலும் இமையிலும் தோளிலும் அமர்ந்தது. அடுத்து மஞ்சள், அதற்கு மேல் நீலம். முகங்கள் ஒவ்வொன்றாக அடையாளம் மறைந்து, யார் எந்த வீட்டுப் பிள்ளை என்பதைச் சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் புரசம்பூ நீரைப் பீச்சாங்குழலில் இழுத்து ஒருவர் மேல் ஒருவர் அடித்தார்கள். வெள்ளைச் சட்டைகளில் அது பட்ட இடமெல்லாம் கீற்றுக் கீற்றாகச் செம்மஞ்சள் ஓடியது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முந்தைய ஆண்டுகளில் ஹோலியன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார். அந்த முறை வாசல் திண்ணை வரை வந்து, தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாதி கையில் மஞ்சள் பொட்டலத்தோடு அவர் முன்னால் போய் நின்றார், ஆனால் கையை நீட்டவில்லை. ஆசிரியை பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "பூலாங்கிழங்கு போட்டிருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் அந்த வாசனையை முகர்ந்துகொண்டே நின்றவர், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கன்னத்தை தாதிக்குக் காட்டினார். பிருந்தாவனத்தில் கணவரை இழந்த பெண்கள் 2013இலிருந்து கூடி ஹோலி விளையாடுவதைப் படங்களில் பார்த்து நான் நெகிழ்ந்திருக்கிறேன். அன்று என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அதைப் பார்த்தேன். ரசாயன நெடி வீசும் பொடியாக இருந்திருந்தால் அவர் உள்ளே போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன் வீட்டுக் குளியலறையில் என்றோ இருந்த ஒரு வாசனைதான் அவரைத் திண்ணையில் நிறுத்தி வைத்தது.

இனி குறைகள். பச்சைப் பொட்டலத்தில் மருதாணி இலைப் பொடியைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அதை எங்கும் எழுதவில்லை. உலர்ந்த நிலையில் பூசினால் அது உதிர்ந்துவிடும். பீச்சாங்குழல் நீர் மேலே பட்டு ஊறினால் என்ன ஆகும் என்று மருதாணி இட்டுக்கொண்ட எவருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாமாவின் நரைத்த மீசையில் ஒரு பாதி ஆரஞ்சாகி, இரண்டு வாரம் அப்படியே இருந்தது. என் மகளின் நகங்களிலும் ஏறிவிட்டது. உடம்புக்குக் கெடுதல் இல்லைதான், ஆனாலும் வாங்குகிறவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுவாரம் கடையில் இதைச் சொன்னபோது, மகள் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அடுத்த முறை முருங்கையிலைப் பொடியில் செய்வதாகச் சொன்னார்.

நீலம் வெளிறியது. பொட்டலத்தில் மேகநிறமாக இருந்தது, முகத்தில் பூசியதும் சாம்பலாகத் தெரிந்தது. சங்குப்பூவில் இதற்கு மேல் வராது போலும். பளிச்சென்ற நீலத்துக்குப் பழகிய குழந்தைகள் முதலில் அதைத் தொடவேயில்லை. அப்போது எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, நீலப் பொடியைக் கரைத்த கிண்ணத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டாள். நீலம் கத்தரிப்பூ நிறமாக மாறியது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் பச்சையாகும் என்று அடுத்தவன் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு பாதிக் கூட்டம் ஓடிப் பிடிப்பதை விட்டுவிட்டுக் கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. பண்டிகைப் பொடியாக நீலத்துக்கு நான் அதிக மதிப்பெண் தர மாட்டேன், ஆனால் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு பொட்டலம் வாங்குங்கள்.

ரோஜா நிறம் பரவாயில்லை. பீட்ரூட் வெயிலுக்கும் நாட்பட்ட இருப்புக்கும் தாங்காது என்பதால் ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. காகிதப் பொட்டலமும் ஈரத்தை இழுக்கிறது. தயாரித்த தேதியை ஒட்டி, உள்ளே மெழுகுத்தாள் வைத்துக் கட்டினால் நல்லது. கூவை மாவு நனைந்தால் சிமெண்டுத் தரையில் கஞ்சி போல வழுக்கும். ஒரு பையன் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. ஆகையால் பொடி விளையாட்டை ஒரு பக்கமும் நீர் விளையாட்டை மறுபக்கமும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கைப் பொருள் என்பதற்காகக் கண்ணில் விழலாம் என்று பொருளில்லை. மஞ்சளும் எரியத்தான் செய்யும், மாவும் உறுத்தத்தான் செய்யும். முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பூசுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பொடி பறக்கும் இடத்தில் நிற்க வேண்டாம்.

பகல் 12 மணிக்கு விளையாட்டு ஓய்ந்தது. குளியலறை வாசலில் வரிசை நின்றது. சீயக்காயும் பயத்தம் மாவும் போதுமானதாக இருந்தன. என் மகன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது முதலில் சிவப்பாகவும், பிறகு கலங்கிய மஞ்சளாகவும், பிறகு தெளிந்தும் ஓடியது. காதுமடலுக்குப் பின்னாலும் விரல் இடுக்குகளிலும் தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை. துணிகளைப் பற்றி ஒரு குறிப்பு. மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டதும் கறை சிவந்து போனதைக் கண்டு பக்கத்து வீட்டில் பதறிவிட்டார்கள். கடையில் வெற்றிலை மேல் நடந்ததுதான் வாளியிலும் நடந்தது. நன்றாக அலசி வெயிலில் இரண்டு நாள் போட்டதும் மஞ்சள் தானாகவே வெளுத்துவிட்டது, ஏனென்றால் வெயில் தாங்காத நிறம் அது. புரசம்பூக் கறை மட்டும் சட்டையில் வெளிர் மஞ்சளாகத் தங்கிவிட்டது. அந்தச் சட்டையை மகன் வெளுக்கக் கொடுக்க மறுக்கிறான்.

மாலையில் மாமியார் அடை வார்த்து முடித்து, இலை போட்டு, எங்களைக் கூப்பிட்டார். உட்காருவதற்கு முன் ஒவ்வொருவர் கையையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மகளின் நகங்களில் இருந்த மருதாணியைப் பார்த்து, "இது இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நனைத்து வைத்திருந்த மஞ்சள் சரட்டை எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டு மருமகளும் வந்திருந்தாள். வெல்ல அடை ஒன்றும் உப்படை ஒன்றும் வெண்ணெயோடு அவர்கள் வீட்டுக்குப் போயின. குஜியா வந்த அதே தட்டில்தான் வைத்துக் கொடுத்தோம்.

ஒரு தெருவுக்கு, அதாவது சுமார் முப்பது பேருக்கு, மஞ்சள் பத்துப் பொட்டலம், சிவப்பு எட்டு, ரோஜா நான்கு, பச்சை, நீலம் இரண்டிரண்டு, புரசம்பூ 200 கிராம் என்று வாங்கினோம். மொத்தம் 1,370 ரூபாய் ஆனது, ஐந்து வீடுகள் பகிர்ந்துகொண்டோம். ஞாயிறு மதியம் கடை கிடையாது. தபாலில் அனுப்புவதில்லை, நேரில்தான் போக வேண்டும். ஹோலிக்கு முந்தைய நாள் போனால் சிவப்பு தீர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம், எனக்கே கடைசி எட்டுப் பொட்டலங்கள்தான் கிடைத்தன. அடுத்த ஆண்டுக்காக மஞ்சள் இருபதும் சிவப்பு பதினைந்தும் சொல்லி வைத்து 300 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். பச்சை முருங்கையில் செய்யப்பட்டால் மட்டுமே எடுத்துக்கொள்வேன் என்று சொன்னதை, பெரியவர் தன் நீளக் கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேராக எழுதி வைத்துக்கொண்டார்.